கடைமடைக்கு வரும் நட்சத்திரங்கள்

தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. என் லேப்டாப்பைப் பழுதுபார்த்துத் தருவதற்காக நான் காத்திருந்தபோது இன்னொருவரும் அங்கே இருந்தார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கணுக்காலில் காய்ந்த சேறு. ஸ்டூலில் உட்காருவார், உடனே எழுந்து வாசலைப் பார்ப்பார், மறுபடி உட்காருவார். பார்க்கப் பார்க்க எனக்கே எரிச்சல் வந்தது.

வரப்போகிற ஒரு விண்வெளி வீடியோ கேமைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நொடிக்கு அறுபது ஃபிரேம் வருமா தம்பி?"

"புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டா வரும்னு கம்பெனி சொல்லுது சார்," என்றார் கடைக்காரர்.

"மேட்டூர்ல எவ்வளவு தண்ணி திறக்கிறோம்னும்தான் சொல்றாங்க. எங்களுது முத்துப்பேட்டை பக்கம், கடைமடை. எங்க வாய்க்காலுக்கு வந்து சேர்றதுதான் கணக்கு." எழுந்து என் பக்கம் திரும்பினார். "முப்பதுதான் வருதுன்னா, கப்பலைத் திருப்புறப்ப நட்சத்திரமெல்லாம் விட்டு விட்டு நகரும். கண்கொண்டு பார்க்க முடியாதுங்க."

"கேம் வந்த பிறகு பார்த்து வாங்கலாமே," என்றேன்.

"தண்ணி வரட்டும்னு நாத்து விடாம இருக்க முடியுமாங்க?"

கார்டை வாங்கி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "ஒரு நாற்பதாவது வரும்ல?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

அந்த கேம் தள்ளிப்போய்விட்டதாகப் போன வாரம் படித்தேன். எனக்கு அதில் ஒரு அக்கறையும் கிடையாது. ஆனாலும் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.