அக்காவின் கோபத்துக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வாயை மூடிக்கொண்டு ஒரு ராகத்தை முணுமுணுப்பாள். மெதுவாக மேலே ஏறும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், அப்புறம் தடதடவென்று கீழே இறங்கும். அந்த நிற்கிற கணத்துக்குள் வீட்டில் உள்ளவர்கள் கம்பி நீட்டிவிட வேண்டும். அவளுக்கு ஆறு வயது இளையவள் நான். அந்த ஒரு கணத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும் வித்தையை நாலு வயதிலேயே கற்றுக்கொண்டேன். இன்றைக்கு அவள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். ராகம் கேட்டால் இப்போதும் கை தானாகக் கதவைச் சாத்துகிறது.

இதில் கூத்து என்னவென்றால், தான் முணுமுணுப்பது அவளுக்கே தெரியாது. சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். "நானா? நான் எப்ப முணுமுணுத்தேன்?" என்று, காது டாக்டரிடம் நாம்தான் போகவேண்டும் என்பது போலப் பார்ப்பாள்.

அவளுக்கு வேலை காப்புரிமைப் பதிவு அலுவலகத்தில். மூன்றாவது கவுண்டர், இசைப் பிரிவு. பாட்டுப் போட்டவர்கள் அது தங்களுடையதுதான் என்று பதிவு செய்ய விண்ணப்பம் கொண்டுவருவார்கள். அக்கா தலை நிமிராமல் வாங்கி, தலை நிமிராமல் படித்து, குறையைச் சுழித்துத் தலை நிமிராமலே திருப்பிக் கொடுப்பாள். பத்தொன்பது வருடமாக இதுதான். அலுவலகத்தில் அவளுக்கு 'ரிட்டர்ன் மேடம்' என்று பெயர். அது அவள் காதுபடவே புழங்குகிறது, அவளும் அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மென்பொருளே பாட்டுப் போட ஆரம்பித்த பிறகு கவுண்டரில் கூட்டம் அள்ளியது. ஒரே வாரத்தில் நானூறு பாட்டுக் 'கட்டிய' ஒரு பல் வைத்தியர் வந்தார். படைத்தவர் பெயர் என்ற இடத்தில் மென்பொருளின் பெயரை எழுதி, பிறந்த தேதிக்குச் செல்போன் வாங்கிய தேதியைப் போட்டிருந்தார் ஒரு நேர்மையானவர். எல்லோரிடமும் அக்காவுக்கு ஒரே கேள்விதான்: "இதுல நீங்க என்ன செஞ்சீங்க?" பட்டனை அமுக்கினேன் என்பார்கள். ஒருவர் நெஞ்சில் கை வைத்து, "நான் ரசிச்சேன் மேடம்" என்றார். மனிதன் செய்த பங்குக்குத்தான் உரிமை, மெஷின் செய்ததற்கு இல்லை என்று சொல்லி அவரையும் அனுப்பிவைத்தாள். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மாமாவும் கூடவே சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மாமா என்றால் அக்காவின் கணவர். ஐஸ்கிரீம் வேன் ஓட்டுகிறார். ஐஸ்கிரீம் வேனுக்கு ட்யூன்தான் உயிர். தெருமுனையில் அது கேட்டால்தான் பிள்ளைகள் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவார்கள். வேன் வாங்கியபோது கூடவே வந்த பழைய ட்யூன் ஜலதோஷம் பிடித்தது போல இழுத்தது. போன வருடம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார். என்ன மணிச்சத்தம், என்ன துள்ளல்! பிள்ளைகள் மொய்த்தார்கள். அக்காவே ஜன்னலைத் திறந்து, "நல்லா இருக்கே, யாரு போட்டது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார் மாமா.

அதோடு விட்டாரா? வேனின் பின்புறத்தில் 'இசை: உங்கள் ஐஸ் மாமா' என்று பெயின்டில் எழுதவைத்தார். ஐஸ் டிப்போவில் மற்ற வேன்காரர்களிடம் செல்போனைக் காட்டி, இந்த மெஷினில் இப்படித்தான் போட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டார். பள்ளிக்கூட நாளில் பாட்டு வாத்தியாரால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அவர். அந்தப் பெயின்ட் எழுத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தினமும் வேனைக் கிளப்புவார். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

ஏனென்றால் மாமாவைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு சாயங்காலம் அக்கா சமையலறையில் முணுமுணுத்ததை, அவளிடமே காட்டி வாயை அடைக்கலாம் என்று கதவுக்கு வெளியே நின்று பதிவு செய்தேன். காட்டத் தைரியம் வரவில்லை. மாமாவுக்கு அனுப்பினேன். மாமா அதை அந்த மென்பொருளுக்குள் போட்டு, 'பிள்ளைங்க ஓடி வரணும், ஜாலியா' என்று எழுதியிருக்கிறார். நாங்கள் ஓடி ஒளிகிற அதே ராகம், மணிச்சத்தத்தோடு திரும்பி வந்தது.

அப்புறம் வந்தது மஞ்சள் வேன். அதன் சொந்தக்காரன் மாமாவின் ட்யூனைப் பிடித்துத் தன் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டான். மாமாவுக்குக் கால் மணி நேரம் முன்னால் அதே தெருக்களில் அதே ட்யூன். மாமா போய்ச் சேரும்போது பிள்ளைகள் கையில் அவன் கோன் உருகிக்கொண்டிருக்கும். மாமா நேரில் போய்க் கேட்டார்.

"அண்ணே, மெஷின் போட்டதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் காட்டுனீங்க? மெஷின் எல்லாருக்கும் பொது. உங்க பேருல சான்றிதழ் இருந்தா காட்டுங்க, இந்த நிமிஷமே நிறுத்திடறேன்" என்றான் அவன்.

சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் தெருக்கள் போச்சு. மாமா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இசைக்கு ஒரே ஒரு கவுண்டர். மூன்றாவது.

"தலை நிமிர மாட்டா. கையெழுத்தப் பாத்து அடையாளம் தெரியாம இருக்க பெரிய எழுத்துல எழுதியிருக்கேன்" என்றார் வரிசையில் நின்றபடி. இருபது வருடம் குடும்பம் நடத்திய மனிதரின் திட்டம் இது.

அக்கா வாங்கினாள். படித்தாள். தலை நிமிரவில்லைதான். ஆனால் பேனா நின்றது.

"படைத்தவர் நீங்களா?"

"ஆமா மேடம்."

"இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

"எழுதிக் கேட்டேன் மேடம். ஜாலியா வேணும்னு."

"அவ்வளவுதானா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஃபேனைப் பார்த்தேன். விண்ணப்பம் திரும்பி வருவதற்காகக் கண்ணாடித் தடுப்பின் இடைவெளிவரை நகர்ந்துவிட்டது. திரும்பிப் போனால் மஞ்சள் வேன்தான். மாமா அதை விரலால் அழுத்திப் பிடித்தார்.

"ஒரு முணுமுணுப்பும் குடுத்தேன் மேடம். ட்யூன் முழுக்க அதுலேர்ந்துதான் வந்துச்சு."

"யாரு முணுமுணுத்தது?"

"என் சம்சாரம்."

இப்போது தலை நிமிர்ந்தது.

"உங்க சம்சாரம் முணுமுணுக்கிற வழக்கமே இல்லைன்னு நான் கேள்விப்பட்டேன்" என்றாள் அக்கா.

மாமா செல்போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டார். ராகம் ஏறியது, நின்றது, இறங்கியது. கடைசியில் ஒரு பாத்திரம் டமாலென்று விழ, அக்காவின் குரலே தெளிவாக வந்தது: "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

பக்கத்து மேஜைக்காரர் எட்டு வருடமாக அக்காவிடம் ஃபைல் திரும்பி வாங்கியே இளைத்தவர். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "மேடம், இது நீங்க தினம் பதினோரு மணிக்குப் போடறதாச்சே! இது கேட்டதும்தானே நாங்க எல்லாரும் வெளியே போயிடுவோம்!"

அக்கா யாரையும் பார்க்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது. பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்து மாமா பக்கம் தள்ளினாள். "சொந்தக்காரங்க விண்ணப்பத்தை நான் பாக்கக் கூடாது. பக்கத்து மேஜை. ஆனா அதுக்கு முன்னாடி, பழையதுல தப்பா எழுதியிருக்கறத எழுதினவரே அடிக்கணும்."

மாமா தன் பெயரைத் தன் கையாலேயே அடித்தார். ஒரே கோடுதான், ஆனால் அதைப் போட அவருக்கு வெகுநேரம் ஆனது. புதுப் படிவத்தை அக்கா திரும்ப வாங்கி, படைத்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுப் பூர்த்தி செய்து பக்கத்து மேஜைக்கு நீட்டினாள். பக்கத்து மேஜைக்காரர் மேலிருந்து கீழ்வரை படித்தார். எட்டு வருடக் கனவு அவர் முகத்தில் பூத்தது. சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு சுழி சுழித்தார்.

"படைப்பு உருவான சூழ்நிலை, காலியா இருக்கு. திருப்பி அனுப்பறேன் மேடம்."

வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவுக்கு ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'கோபம்' என்று எழுதினாள்.

சான்றிதழ் வந்தது. மஞ்சள் வேன்காரன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, சொன்ன சொல்படி நிறுத்திவிட்டான். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஆனால் ட்யூனுக்குச் சொந்தக்காரி அக்கா, ஆகையால் மாமாவுக்கு எழுத்துமூல அனுமதி தேவைப்பட்டது. அலுவலகப் பாணியிலேயே எழுதிக் கொடுத்தாள். முதல் நிபந்தனை, வேனின் பின்புறத்தில் உள்ள பெயின்ட் எழுத்தை அழிக்கக் கூடாது. மாமா அதைப் படித்துவிட்டு முகம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். இரண்டாவது நிபந்தனை, ஈரத் துண்டு கட்டிலுக்கு வந்தால் அனுமதி அன்றைக்கு ரத்து.

போன செவ்வாய்க்கிழமை வேன் சத்தமே இல்லாமல் தெருவைக் கடந்தது. பிள்ளைகள் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார்கள். நான் உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா சமையலறையில் ஆரம்பித்தாள். ஏறியது, நின்றது. நான் படியில் பாதி தூரம் ஓடிவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் புதிதாக ஒரு சின்னச் சுழிப்பு வந்தது. அது அவளுடையது இல்லை. மெஷின் போட்டது, வேனில் கேட்டுக் கேட்டுத் தொற்றிக்கொண்டிருக்கிறது. மாமாவும் அதைக் கேட்டார். கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்:

"மேடம், அந்தச் சுழிப்பு மெஷினோடது. இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

சமையலறையில் சத்தம் நின்றது. அக்கா கரண்டியோடு வெளியே வந்து, சான்றிதழுக்கு நேர் கீழே நின்றுகொண்டு கேட்டாள்:

"நானா? நான் எப்ப முணுமுணுத்தேன்?"