படத்துக்குக் கீழே எழுதியிருந்தது

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப் போனது. ஆறு பேரில் யாரும் பட்டினியாகப் படுத்ததில்லை, யாரும் அடுத்தவர் வாசலில் போய் நின்றதும் இல்லை. இதை முதலில் சொல்லி வைக்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது.

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போனவள் இல்லை நான். என் கடைசி மகள் சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து இது. பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன். தமிழ் மட்டும்தான், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால். அவளைப் பத்தாவதோடு நிறுத்தச் சொன்னார் என் வீட்டுக்காரர். நான் நிறுத்தவில்லை. பாம்பன் கரையில் மீன் பிரிக்கப் போய், அவளை ராமநாதபுரம் காலேஜ் வரைக்கும் அனுப்பினேன். நிமிர்ந்து நின்று சொல்லிக்கொள்ள எனக்கு என்று ஒன்று உண்டென்றால், அது அவள் படிப்புத்தான்.

அந்த மகள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பஹ்ரைனில் படகு வேலை. ஒரே ஒரு பெண் பிள்ளை, நாலாவது படிக்கிறது. மதுரையில் ஒரு கம்பெனி, வீட்டில் இருந்தே பார்க்கிற மாதிரி மகளுக்கு வேலை கொடுத்தது. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். நெட்டில் ஆட்கள் போடுகிற படங்கள் ஒன்று மாற்றி ஒன்று வருமாம். குழந்தைகள் பார்க்கலாம், பெரிய பிள்ளைகள் பார்க்கலாம், பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம், யாருமே பார்க்கக் கூடாது என்று கீழே நாலு கட்டம் இருக்கும். பார்த்துவிட்டு அதில் ஒன்றை அமுக்க வேண்டும். அவள் அமுக்குவதை வைத்துத்தான் எந்தப் படம் எந்தப் பிள்ளையின் போனுக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று பிரிப்பார்கள்.

கேட்டதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் கருவாடு விற்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், வாய் சும்மா இருக்காது. அவள்தான் கேட்டாள்.

"ஏக்கா, ஒங்க மக கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்னதான் வேல பாக்குறா?"

"தியேட்டர்ல படம் தொடங்குறதுக்கு முந்தி ஒரு காகிதம் காட்டுவான்ல, அந்தக் காகிதம் குடுக்குற வேல."

"ஆத்தாடி! அப்ப புதுப் படமெல்லாம் ஒங்க வீட்டுல ஓசியிலயா?"

"ஒனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வைக்கவா? கருவாட்டுக் கூடைய வெளிய வச்சுட்டு வரணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். படம் பார்க்கச் சம்பளம் தருகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் அவள் சாப்பாடு குறைந்தது. சாயங்காலம் வெளியே வந்ததும் முகத்தைக் கழுவுவாள், துடைப்பாள், மறுபடியும் போய்க் கழுவுவாள். பிள்ளை ஓடிப் போய் மடியில் ஏறினால், "எறங்கு, அம்மாவுக்கு அசதியா இருக்கு" என்பாள். ஒருநாள் நான் முற்றத்தில் நகரை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது.

"ஏம்மா, நீ கரையில சங்காயம் பிரிச்சேல்ல?"

சங்காயம் என்றால் வலையில் வருகிற கழிவு மீன், கோழித் தீவனத்துக்குப் போகிறது. நல்ல மீனையும் அதையும் பிரித்து, நடுவில் கிடக்கிற விஷமுள்ள பேத்தை மீனைத் தனியாகத் தூக்கி எறிய வேண்டும். அதுதான் என் வேலையாக இருந்தது.

"பிரிச்சேன். அதுக்கென்ன இப்ப?"

"அழுகினது, நாறினது எல்லாத்தையும் கையில அள்ளுவேல்ல. வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சோறு ஊட்டையில அந்த நெனப்பு வருமா?"

"நெனப்பென்ன நெனப்பு. மணலைப் போட்டுத் தேச்சுக் கழுவினாப் போயிரும்."

அவள் தன் கையைப் பார்த்தாள். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டாள்.

சொல்ல வந்தவளை நான் அந்த ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். இன்றைக்கும் மீன் சுரண்ட உட்கார்ந்தால் அந்தச் 'சரிம்மா' காதில் விழுகிறது.

அதற்குப் பிறகுதான் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என் நடு மகன் குடும்பத்தோடு வந்தான். பிள்ளைகள் எல்லாம் கரையில் இறங்கிக் குளித்தார்கள். பேத்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் குதித்ததை அவன் போனில் எடுத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரிப் போட்டுவிட்டான். எனக்கும் காட்டினான். அழகாக இருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள், பின்னால் பாலத்தில் ரயில் போகிறது.

மகள் உள்ளறையில் இருந்து வெறி பிடித்தவள் மாதிரி ஓடி வந்தாள்.

"எடுண்ணே. இப்பவே எடு."

"ஏய், நம்ம புள்ளதானே. ஊரே லைக் போட்டிருக்கு, பாரு."

"அதுனாலதான் எடுங்கிறேன். யாரு யாரு போட்டிருக்கான்னு ஒனக்குத் தெரியுமா?"

"ஊருல இல்லாத ரதியப் பெத்துட்டா, கண்ணுபட்டுப் போயிரும்" என்று நான்தான் சொன்னேன். மகனும் மருமகளும் முகம் சுருங்கி நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்கு வந்தவர்கள் அப்படி நிற்பது எனக்கு அவமானம்.

அவன் எடுத்துவிட்டான். ஆனால் அன்றோடு பேத்திக்குக் கடல் இல்லை. அடுத்த வீட்டுக்கு விளையாடப் போகக் கூடாது, பள்ளிக்கூடத்து டான்ஸில் சேரக் கூடாது. அதைக்கூடப் பிள்ளை பொறுத்துக்கொண்டது. பெற்றவள் தலை வாரி விடுவதையும் நிறுத்திவிட்டாள். பிள்ளை உடுப்பு மாற்றினால் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விடுவாள். நான் எண்ணெய் வைத்துச் சடை போட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை கேட்டது:

"அம்மாச்சி, நான் அசிங்கமா இருக்கேனா?"

"எவடி சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மா என்னையப் பாத்தாத் திரும்பிக்கிறாள்ல."

பாதிச் சடையோடு பிள்ளையைத் திருப்பி மடியில் சாய்த்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டோடு உள்ளறைக் கதவைத் தள்ளினேன். தாழ் போட்டிருக்கவில்லை. நான் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு படம் நின்றிருந்தது. ஒரு சின்னப் பெண், நம் பிள்ளை வயதுதான் இருக்கும், ஏதோ ஒரு கடற்கரையில் நனைந்துகொண்டு சிரிக்கிறது. மகள் அதை அமுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுக் காதில் இருந்ததைக் கழற்றினாள். மூட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இதுல என்னடி இருக்கு? நம்ம புள்ள மாதிரி கடல்ல குளிக்குது."

"அதாம்மா. படத்துல ஒண்ணுமே இல்ல. பாத்தவனுக கீழ எழுதியிருக்கிறதைப் பாரு."

பார்த்தேன். படத்துக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி வரிவரியாக எழுதியிருந்தது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து.

"எனக்கு இது தெரியாதே. வெள்ளக்காரன் எழுதினதா?"

"தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கானுக. நம்ம ஆளுகதான்." என்றாள். "ஒனக்குப் படிக்கத் தெரியாததே நல்லதாப் போச்சும்மா."

தட்டைக் கீழே வைத்தேன். எனக்கு அப்போது என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. படிக்கத் தெரியாது என்பதை யார் முன்னாலும் ஒப்புக்கொள்ளாமல் தலை நிமிர்ந்து திரிந்தவள் நான். நான் பட்டது போதும், இவளாவது நாலு எழுத்துப் படிக்கட்டும் என்று அனுப்பினேன். படித்தாள். படித்துப் படித்து, கடைசியில் இதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பத்தாவதோடு நிறுத்தியிருக்கலாமோ என்று அந்த நிமிஷம் நினைத்தேன். நினைத்தேனே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது உண்மை.

"இதுக்கு எந்தக் கட்டத்த அமுக்குவ?"

"எனக்குக் குடுத்த நாலுல இதுக்குக் கட்டமே இல்ல. படத்தை மட்டும் பாத்தா, குழந்தைக பாக்கலாம்னுதான் வரும். மேல உள்ளவுகளுக்கு எழுதிப் போடணும். போட்டிருக்கேன். பதிலே இல்ல."

"வேலைய விட்டுருத்தா. கஞ்சி குடிச்சாலும் குடிச்சுக்குவோம்."

"நான் விட்டா இன்னொருத்தி வந்து இதே நாற்காலியில உக்காருவாம்மா. அவளுக்கும் ஒரு புள்ள இருக்கும்." அப்புறம் சொன்னாள்: "எம் புள்ளையப் பாத்தா இந்த வரியெல்லாம் கண்ணு முன்னால வருது. புள்ளைய எப்படிப் பாக்கிறதுன்னே மறந்து போச்சு."

அன்றைக்கு அந்த முற்றத்தில் அவள் கேட்க வந்தது இதைத்தான். நான் மணல் போட்டுத் தேய்க்கச் சொன்னேன்.

பிள்ளையிடம் இதை நீயே சொல் என்றேன். சொல்ல வரவில்லை அவளுக்கு. வேலையில் சேரும்போது, பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றாள். இப்போதும் அந்த வேலைதான் பார்க்கிறாள். பிள்ளை இப்போதும் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு, அம்மா வருகிற நேரத்தில் தின்பண்டத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறது.

மகள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நான் போடவில்லை. அதனால் எழுதுகிறேன். அந்த வரிகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இதில் எழுத மாட்டேன். எழுதினவரைக்கும் எழுத்துக் கூட்டித் திரும்பப் பார்த்தேன். பிள்ளை வாசிக்கக் கூடாதது எதுவும் இதில் இல்லை.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளறையில் அவள் காதில் இருப்பதைக் கழற்றி வைக்கிற நேரம். பேத்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"அம்மாச்சி, ஒன் எழுத்தெல்லாம் கோணல்மாணலா இருக்கு."

"அது கெடக்கட்டும். இங்கன வா தாயி. இத எடுத்துட்டுப் போயி அந்தக் கதவுக்கிட்ட உக்காரு. மொதல்ல இருந்து வாசி. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு, நல்லாச் சத்தமா வாசி."