வேல்முருகன் அண்ணனும் எழுபத்தைந்து ஹெர்ட்ஸும்

வேல்முருகன் அண்ணன் இறந்துவிட்டார். முந்தாநாள் காலையில்... நெஞ்சுவலி.

போடியில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். ராசிங்காபுரத்துக்காரர். நாற்பதுகூட ஆகவில்லை.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் போட்ட செய்தியைப் பலர் ஷேர் செய்திருக்கிறீர்கள். "பணியிலேயே உயிர் நீத்த அர்ப்பணிப்பு"... படித்ததிலிருந்து இதை எழுதி எழுதி அழிக்கிறேன். துக்கத்தில் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் என் ஸ்கிரீன் விடாமல் துடிக்கும். மத்தியானத்துக்குள் தலை வெடிக்கும்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். அம்மா இன்றும் போடிமெட்டு ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிறார். கோளாறு என் கண்ணில்தான் என்று நினைத்து வாயே திறக்கவில்லை.

அண்ணன்தான் கவனித்தார். "என்னாத்தா, மாப்பிள்ளையப் பாக்குற மாதிரி ஸ்கிரீன ஓரக்கண்ணால பாக்குற?"

சொன்னேன். கேபிளை மாற்றினார். வேறு மானிட்டர் வைத்தார். அப்போதும் துடித்தது. அப்டேட்டுக்கு முந்தைய பழைய கெர்னலில், அதாவது லினக்ஸின் பழைய அடிப்பகுதியில், மிஷினைத் திறந்தார்... படம் அசையாமல் நின்றது.

"ஒங் கண்ணுல ஒண்ணுமில்ல. புது கிராபிக்ஸ் டிரைவர் பண்ற சோலி இது. அறுபது ஹெர்ட்ஸ்ல, அதான் செகண்டுக்கு அறுபது தடவ படம் மாத்தி, ஓடுற மானிட்டர எழுபத்தஞ்சுல வெரட்டுது. ஒங்கம்மா போற ஜீப்பு மாதிரிதான்... ஓட்டுறவனுக்கு ஒண்ணும் தெரியாது, பின்னால உக்காந்தவுகளுக்குத்தான் கொமட்டும்."

டெர்மினலில் ஒரு வரி கமாண்ட் அடித்து அறுபதுக்குக் கொண்டுவந்தார். ஆனால் மிஷினை அணைத்துப் போட்டால் மறுபடி எழுபத்தைந்து.

யாரும் வெளியே சொல்லவில்லையே தவிர, எல்லா மிஷினிலும் இதே கோளாறுதான். அந்த டிரைவர் சாஃப்ட்வேரையே மாற்ற அரை நாள் எல்லா மிஷினையும் நிறுத்தணும் என்று மேனேஜரிடம் கேட்டார். "இப்ப ஆடலேல்ல? பெறகென்னய்யா?"

அதன்பிறகு தினமும் காலையில், கரண்ட் போய் வரும்போதெல்லாம், சீட் சீட்டாகப் போய் அந்த ஒரு வரி. பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம்.

முந்தாநாளும் கரண்ட் போய் வந்தது. ஆன்லைன் ஏலம் தொடங்கும் நேரம். அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டு மேனேஜர் முன்னால் நின்றார்.

"அடைக்கிற மாதிரி இருக்கு சார். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"கேஸா இருக்கும்யா. ஒரு சோடா குடி. வெரசா எல்லா மிஷின்லயும் போட்டுட்டுப் போ."

"நான் போடுறேன் சார், எனக்குத் தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேனேஜருக்குக் கேட்டது.

"நீ ஒன் சோலியப் பாரும்மா."

அண்ணன் ஒவ்வொரு சீட்டாகப் போனார். சட்டை முழுக்க வேர்வை. என் மிஷின்தான் கடைசி. அடித்தார். படம் நின்றது.

"இப்ப சரியா, ஆத்தா?"

என் கீபோர்டு மேலேயே சாய்ந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அது அர்ப்பணிப்பு இல்லை மேனேஜர் சார். போயிட்டு வர்றேன் என்று கேட்டார். நீங்கள் விடவில்லை.

இன்று ஆபீஸ் திறந்தது. எல்லா ஸ்கிரீனும் துடித்தது. மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டுக்கு வந்தார். "தல வலிக்குதும்மா. ஒனக்குத்தான் அந்த கமாண்ட் தெரியும்னியே... போட்டு விடு."

இத்தனை நாளில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"கேஸா இருக்கும் சார். ஒரு சோடா குடிங்க."

போயிட்டு வாங்கண்ணே... இங்கே எல்லாம் இன்னும் எழுபத்தைந்தில்தான் ஓடுகிறது.