தொண்ணூற்று நான்காம் கட்டத்துக் குட்டிப் பாம்பு

பதினெட்டு நிமிடம். பெற்ற பிள்ளையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, ஒரு தகப்பனால் பகடை உருட்ட முடிகிற அதிகபட்ச நேரம் அதுதான் என்று அந்த அட்டை விளையாட்டுக் கம்பெனியின் முதலாளி முடிவு கட்டியிருந்தார். அதற்கு மேல் போனால் அப்பாவுக்குப் போன் வந்துவிடும். வராவிட்டாலும் வந்த மாதிரி எழுந்து போய்விடுவார். அதற்கு முன்பே முடிந்துவிட்டால், இந்த அட்டைக்கா இவ்வளவு விலை என்று அம்மா கேட்பாள்.

புதிய விளையாட்டு ஒவ்வொன்றும் பதினெட்டு நிமிடத்தில் முடியுமா என்று அச்சுக்குப் போகும் முன்பே சொல்லியாக வேண்டும். அதற்காகவே சம்பளம் வாங்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வயது நாற்பத்தொன்று. நேரில் "மேடம்" என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் "நிமிஷக்காரி". இரண்டாம் மாடியில், அட்டை வெட்டும் இயந்திரத்துக்கும் பசை காய்ச்சும் அறைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு மேசை. இயந்திரத்தின் கத்தி இறங்கும்போதெல்லாம் கணினித் திரை ஒரு குலுங்கு குலுங்கும். பசை நாற்றம் பழகிப்போய், வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்கு மூக்கு வேலை செய்யத் தொடங்கும்.

புள்ளியியலில் முதுகலை, தங்கப் பதக்கம். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், பாம்பும் ஏணியும் ஆட்டம் எப்போது முடியும் என்று கணக்குப் போடுகிறேன் என்பாள். கேட்டவர் "அப்படியா" என்று சொல்லி, வேறு யாரையோ கண்டுபிடித்த முகத்தோடு நகர்ந்துவிடுவார்.

கணக்குக்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. ஆட்டப் பலகையில் உங்கள் காய் நாற்பத்தேழாம் கட்டத்தில் நிற்கிறது. அடுத்து அது எங்கே போகும்? பகடையின் ஆறு முகத்தைப் பொறுத்து ஆறு இடம். அங்கே ஏணி இருந்தால் மேலே, பாம்பு இருந்தால் கீழே. அவ்வளவுதான் தெரிய வேண்டியது. நாற்பத்தேழுக்கு நீங்கள் ஏணியில் ஏறி ஜம்மென்று வந்தீர்களா, பாம்பு வாயில் விழுந்து வந்தீர்களா என்பதைச் சங்கிலி கேட்காது. நிற்கிற இடம் மட்டும்தான் அதற்குக் கணக்கு. வந்த வழி இல்லை. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எந்தெந்தக் கட்டத்துக்குப் போக எத்தனை வாய்ப்பு என்று பெரிய அட்டவணை போட்டு, அதைக் கணினியில் கொடுத்தால், நூறாம் கட்டத்தை அடையச் சராசரியாக எத்தனை முறை உருட்ட வேண்டும் என்று விடை வரும். ஒரு உருட்டலுக்குப் பதினோரு நொடி என்று அவள் வைத்திருந்தாள். பகடை சோபாவுக்கு அடியில் போவதும், யார் முறை என்ற சண்டையும் அந்தப் பதினோரு நொடிக்குள் அடக்கம். பெருக்கினால் நிமிடம்.

பழசை நினைவில் வைத்துக்கொள்ளாத அந்தக் குணம்தான் அவளுக்குச் சங்கிலியிடம் மிகவும் பிடித்தது. வீட்டில் மாமியார் இருந்தார். கல்யாணமான முதல் வாரத்தில் மருமகள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்ததை, மாமியார் இன்னும் மறக்கவில்லை.

அவளுடைய தம்பி ஒரு தொலைபேசி நிறுவனத்தில் இதே கணக்கைத்தான் போடுகிறான். அவனுடைய பலகையில் பாம்பும் ஏணியும் கிடையாது. "ஒழுங்காகப் பேசுகிறவர்", "பேச்சைக் குறைத்தவர்", "சத்தமே இல்லாதவர்", "வேறு கம்பெனிக்குப் போய்விட்டவர்" என்று நான்கே கட்டம். இந்த மாதம் எந்தக் கட்டத்தில் இருப்பவர் அடுத்த மாதம் எதில் இருப்பார் என்று அவன் சொல்லுவான். கட்டம் நூறிலிருந்து நான்காகக் குறைந்ததற்கு ஏற்ப அவன் சம்பளம் அக்காவுடையதைப் போல் ஆறு மடங்கு.

"உன் கணக்கு கஷ்டம்கா. என்னுது சுலபம். அதான் எனக்கு நிறையக் குடுக்கிறாங்க" என்பான் தம்பி. கிண்டல் மாதிரி இருக்கும், உண்மையும் அதுதான்.

அந்த வருடம் கம்பெனி ஒரு பெரிய பலகை தயாரித்தது. ஓவியர் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தார். உச்சி வரிசையில் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்றில் மூன்று பாம்புத் தலைகள். தொண்ணூற்று நான்கு காலி. தொண்ணூற்றைந்திலும் தொண்ணூற்றாறிலும் இன்னும் இரண்டு. மேலே போகிறவன் அந்தக் காலிக் கட்டத்தில் காலை வைத்துத்தான் தாண்ட வேண்டும். ஏணிகள் எல்லாம் அந்த வரிசைக்குக் கீழேயே முடிந்துவிடும். நிமிஷக்காரி கணக்குப் போட்டாள். பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவளுக்கே பிடித்துப்போன பலகை அது.

அச்சுக்குப் போகும் இறுதிப் படி தயாரான நாளில் ஓவியர் தாளைச் சுருட்டிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். அவள் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"மேடம், ஒரே ஒரு சின்ன விஷயம். இந்த வரிசையைப் பாருங்க. நடுவுல ஒரு கட்டம் மட்டும் காலியா, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கு. எனக்குச் சாப்பாடு இறங்கல. அதான் அந்த இடத்துல ஒரு குட்டிப் பாம்பு போட்டேன்."

தொண்ணூற்று நான்கில் கண்ணை உருட்டிக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு ஒரு குட்டிப் பாம்பு சிரித்தது. அதன் வால் எண்பத்தேழிலேயே முடிந்துவிட்டது. கடித்தால்கூட ஏழு கட்டம்தான் நஷ்டம்.

"அழகா இருக்கு" என்றாள்.

"திரும்ப ஒருதரம் கணக்குப் போட்டுப் பாக்கணுமா?"

"இந்தச் சுண்டைக்காய்ப் பாம்புக்கா? அரை நிமிஷம் கூடும். சரியா பதினெட்டு வரும்" என்று சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

கண்ணால் பார்த்து எதையும் சொல்லக் கூடாது, கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று பதினாறு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

பன்னிரண்டாயிரம் பெட்டி அச்சாகி, கடைகளுக்குப் போய் மூன்று வாரம் ஆன பிறகு, கோப்புகளை ஒழுங்குபடுத்தலாம் என்று அந்தப் பலகையின் கணக்கை மறுபடி எடுத்தாள். குட்டிப் பாம்பைச் சேர்த்தாள். விசையைத் தட்டினாள். இந்தக் கணக்குக்கு விடை கிடையாது என்று திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. எல்லோரும் செய்வதைப் போல அவளும் கணினியை அணைத்துப் போட்டாள். மறுபடி அதே வரி.

பிறகுதான் அச்சடித்த பலகையைப் பிரித்து, தொண்ணூறாம் கட்டத்தில் விரலை வைத்தாள். ஒன்று விழுந்தால் பாம்பு. இரண்டு, பாம்பு. மூன்று, பாம்பு. நான்கு, நாக்கை நீட்டிய குட்டி. ஐந்து, பாம்பு. ஆறு, பாம்பு. வரிசையாக ஆறு தலை. பகடைக்கும் ஆறே முகம். தாண்ட வேண்டுமானால் ஏழு போட வேண்டும். எண்பத்தொன்பதிலிருந்து வருகிறவனுக்கு எட்டு.

இந்தப் பலகையில் யாரும் நூறைத் தொட முடியாது. பெட்டியின் பின்பக்கம் "இரண்டு முதல் நான்கு பேர். பதினெட்டு நிமிடம்" என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது.

போன வருடம் ஒரு பெட்டியில் பகடைக்கு இரண்டு பக்கம் ஐந்து விழுந்துவிட்டது. பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டவரை முதலாளி அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "கையெழுத்து யாரோடதோ தப்பும் அவரோடது" என்பது அவருடைய சட்டம். பாம்பும் ஏணியும் எப்போது முடியும் என்று கணக்குப் போட ஆள் தேடும் இன்னொரு கம்பெனியை அவள் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணவனிடம் சொன்னாள். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியன்.

"ஏங்க, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எங்க இடிச்ச?"

விளக்கிச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரும் தொழிலில் பொறுமை தானாக வந்துவிடுகிறது.

"ப்ரேக் உன் பக்கம் இருந்துச்சு. நீ மிதிக்கல" என்றான். "விடு. வாயைத் திறக்காத. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"ஆடுற எல்லாருந்தான்."

"அப்ப இந்த மூணு வாரத்துல எத்தனை பேரு கேட்டாங்க?"

"பாலை வச்சுட்டு மறந்தாளே, அன்னைக்கே தெரியும்" என்று உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் மட்டும் வந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் முழுவதையும் கேட்டான்.

"அக்கா, உள்ள வந்தவன் வெளியவே போக முடியாதா?"

"முடியாது."

"எவ்வளவு முயற்சி பண்ணாலும்?"

"முடியாதுடா."

"அதை எப்படிக்கா பண்ணின?" என்று கேட்டான். குரலில் பொறாமை இருந்தது. "நாங்க முப்பது பேரு உக்காந்து மூணு வருஷமா அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

காலையில், தூக்கமில்லாத கண்ணோடு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். விற்பனை மேலாளர் ஏற்கனவே அங்கே இருந்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்பதே அபூர்வம்.

"வாங்க மேடம், உங்களைத்தான் கூப்பிட இருந்தேன்" என்றார் முதலாளி. "பன்னெண்டாயிரமும் காலி. கடைக்காரங்க இன்னும் இருபத்தஞ்சாயிரம் கேக்குறாங்க. பசங்க எந்திரிக்கவே மாட்டேங்குறாங்களாம். ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். பெத்தவங்க நிம்மதியா இருக்காங்க."

"சார், அதுக்குக் காரணம் இருக்கு. இந்த ஆட்டத்துல யாராலயும் ஜெயிக்க முடியாது."

பலகையை விரித்து ஆறு பாம்பையும் காட்டினாள். கணக்குப் போடாமல் கையெழுத்துப் போட்டதையும் மறைக்காமல் சொன்னாள். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஜெயிக்க முடியாதா? என் பேத்தி நேத்து மூணு தரம் ஜெயிச்சாளே. நானே பக்கத்துல இருந்தேன்."

வெட்டும் இயந்திரத்தின் கத்தி இறங்கியது. அறை ஒரு குலுங்கு குலுங்கியது. பேசாமல் தலையாட்டிவிட்டு வெளியே வந்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். தன் தப்பை நிரூபிக்க முதலாளியின் பேத்தி மேல் குற்றம் சாட்ட வேண்டிய நிலைமைக்கு அவள் வந்திருந்தாள்.

"அது அழுகுணி ஆட்டம் சார்" என்றாள்.

"யாரு, என் பேத்தியா?"

"அவங்க மட்டும் இல்ல. ஜெயிச்ச அத்தனை பேரும். ஒரு கட்டத்தை எண்ணாம விட்டிருப்பாங்க, இல்லேன்னா பாம்பு கடிச்சும் இறங்காம நின்னிருப்பாங்க. வேற வழியே கிடையாது."

விற்பனை மேலாளர் தொண்டையைச் செருமினார். "இருங்க. ஒரே ஒரு புகார் வந்துச்சு. யாரோ ரிட்டயர்டு ஆடிட்டராம். அவரும் வீட்டம்மாவும் ஒம்போது நாளா ஆடுறாங்களாம், முடியலையாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற பகடை அனுப்பி வச்சேன்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பன்னிரண்டாயிரம் வீட்டில், முடியவில்லை என்று சொன்னது ஒரே ஒரு வீடு. அந்த எண்ணை அவர் மனதுக்குள் உருட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"நான் போகணும்னா போயிடறேன் சார்" என்றாள் அவள். "ஆனா அடுத்த அச்சுல அந்தக் குட்டிப் பாம்பை எடுத்துடுங்க. காசு கொடுத்து வாங்குறவங்க ஒரு தரமாவது நேர்மையா ஜெயிக்க வழி இருக்கணும்."

"நீங்க இத்தனை வருஷமா போட்ட கணக்குல இந்த அழுகுணி ஆட்டம் சேர்த்தியா?"

அவள் யோசித்தாள். "இல்ல சார்."

"ஒரு தடவகூடவா?"

"இல்ல."

"அப்ப தப்பு பாம்புல இல்ல மேடம். எந்த வீட்டுல பகடை ஒழுங்கா உருளுது? பதினாறு வருஷமா, எங்கயுமே இல்லாத ஜனங்களுக்கு நிமிஷம் சொல்லிக்கிட்டிருந்திருக்கீங்க."

அவள் மறுபடி தொண்ணூறாம் கட்டத்தில் விரலை வைத்தாள். தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றேழுக்குப் போகும் வாய்ப்பு என்ன? அவள் அட்டவணையில் அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. முதலாளியின் பேத்தி நேற்று மட்டும் அதை மூன்று முறை கடந்திருக்கிறாள். பூஜ்யம் போட்டது பாம்பின் குற்றமில்லை.

"ஆடிட்டருக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று முதலாளி விற்பனை மேலாளரிடம் சொன்னார். "நேர்மையான ஆளுங்களுக்கு நம்ம சரக்கு ஒத்து வராது." பிறகு இவள் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கயும் போக வேண்டாம். பாம்பும் எங்கயும் போகாது. ஜனங்க எந்தக் கட்டத்துல எத்தனை தரம் ஏமாத்துறாங்கன்னு நேர்ல பாத்து எண்ணிட்டு வாங்க. அதையும் சேர்த்து எனக்குக் கணக்குப் போட்டுக் குடுங்க."

அவள் பலகையை மடித்தாள். வேலை போகவில்லை. கேட்டது கிடைக்கவும் இல்லை. போகும் வழியில், அந்தக் குட்டிப் பாம்புக்காக ஓவியருக்குச் சம்பளம் உயர்ந்திருப்பதாக விற்பனை மேலாளர் சொன்னார்.

இருபத்தைந்தாயிரம் பலகையும் ஆறு பாம்போடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அவள் நேரில் போய் உட்கார்ந்து எண்ணுவதற்கு எட்டு வீடுகள் ஏற்பாடாகியிருக்கின்றன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி வீடு; பேத்திக்கு அன்று பள்ளி விடுமுறை.