ரோஸ் நிற சோப்பு டப்பா

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த என்னைத் தலைமையாசிரியை நிறுத்தினார்.

"உங்க கிளாஸ்ல ஒருத்திய ஞாயித்துக்கிழம மில்லுக்கு அனுப்பப் போறாங்களாம். மூணு வருஷம், ஹாஸ்டல்லயே. யாருன்னு தெரியல. கண்டுபிடிங்க டீச்சர், போயிட்டா அம்புட்டுதான்."

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆள் சேர்க்கும் நூற்பாலை வேன்கள் சின்னாளப்பட்டிப் பக்கம் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தன. ஏறிப்போன பிள்ளைகளில் ஒருத்திகூடத் திரும்பவும் பள்ளிக்கு வரவில்லை. நேரடியாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று கதை எழுதும் நாள். நானே தொடங்கிவைத்து, பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்த விளையாட்டு. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருளை எடுத்துவந்து, மற்றவர் பார்க்காமல் துணிப்பைக்குள் போட வேண்டும். அதில் ஒன்றை நான் எடுத்து மேசைமேல் வைப்பேன். ஒரே நோட்டு பெஞ்சு பெஞ்சாகப் போகும். ஒவ்வொரு பெஞ்சும் கூடிப் பேசி நாலு வரி சேர்க்க வேண்டும். பொருள் யாருடையது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

பைக்குள் கையை விட்டேன். பாக்குவெட்டி, ரேடியோவின் திருகு, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அடியில் ஒரு சோப்பு டப்பா. ரோஸ் நிறம், புத்தம் புதியது, விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. அந்தத் தெருக்களில் சோப்புக்கு யாரும் டப்பா வாங்குவதில்லை. விடுதிக்குப் போகிறவர்கள்தான் வாங்குவார்கள். அதையே எடுத்து வைத்தேன்.

முதல் மூன்று பெஞ்சுகள் டப்பாவுக்குக் கல்யாணம் செய்துவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தன. நாலாவது பெஞ்சு எழுதியிருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பயணம். பெட்டிக்குள் முதலில் அதைத்தான் வைத்தார்கள். அதற்குப் போக விருப்பமில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.'

குண்டு குண்டான அந்தக் கையெழுத்து யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வகுப்பில் முதலாவதாக வருகிறவள். இடைவேளையில் தனியாக அழைத்து, வீட்டில் ஏதாவது பேச்சு நடக்கிறதா என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றாள். பயத்தில் மறைக்கிறாள் என்று முடிவுகட்டினேன். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எனக்கு விடத் தெரியாது. அதைத் திறமை என்று வேறு நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் திண்டுக்கல்லில் டவுன் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். உட்காரக்கூட இல்லை நான். பெற்ற பிள்ளையை இப்படியா அனுப்புவது என்று ஆரம்பித்து, அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அடக்கி, ஒரு மணி நேரம் பிடிபிடி என்று பிடித்தேன்.

"டீச்சர், செத்த நேரம் என்னையப் பேச விடுங்க. என் புள்ளய நான் எங்கயும் அனுப்பல. யாரு சொன்னா உங்களுக்கு?"

அவள் உள்ளேயிருந்து அழுதபடி வந்தாள். "எழுதுனது மட்டுந்தான் நான் டீச்சர். சொன்னது பக்கத்துல இருந்தவ."

"நேத்தே ஏண்டி சொல்லல?"

"யாருதுன்னு சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

பக்கத்தில் இருந்தவள். அந்த வருடம் முழுவதும் அவள் குரலை நான் ஒழுங்காகக் கேட்டதுகூட இல்லை. வீடு இரண்டு தெரு தள்ளி என்றார்கள். திட்டு வாங்கிய அந்த அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல் ஓடினேன். இன்னும் ஒரு நாள் இருக்கிறது, பேசிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கே அவள் அம்மா வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"வேன் இன்னைக்கே வந்துருச்சு டீச்சர். இப்பத்தான், அரைமணி நேரம் இருக்கும். மத்தியானத்துலருந்து புள்ள வாசல்லயேதான் நின்னுச்சு. ஏண்டி தெருவையே பாத்துக்கிட்டிருக்கேன்னு கேட்டேன். டீச்சர் வருவாங்கன்னு சொல்லுச்சு. அவங்களுக்கு எப்படிடி தெரியும்னு நான்தான் ஏசுனேன்."

எனக்குத் தெரியும் என்று அந்தத் தாயிடம் என்னால் சொல்ல முடியவில்லை.