மூன்றாவது நடைமேடையில் நின்றவர்கள்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்த ஓட்டுநர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பயணிகளுக்கு அவள் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. குரல் மட்டும் தெரியும். காய்கறிக் கடையில் அவள் அரைக் கிலோ தக்காளி கேட்டால் கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்துவிட்டு, பிடிபடாமல், தக்காளியைப் பொறுக்கத் தொடங்குவார்.

அவள் அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவள் அல்ல. அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கிவைக்கச் சேர்ந்தவள். அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாளில் டைம் கீப்பர் ஒரு தாளை நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுடும்மா" என்றார். படித்தாள். புறப்பட்டுப் போய்விட்ட பேருந்தைப் புறப்படத் தயாராக இருப்பதாகச் சொன்னாள். வேறு பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி ஓடினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு மைக்கை விட்டு விலகியிருப்பார்கள். அவள் மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு நடைமேடையாகப் போய் நின்று, பழைய அறிவிப்பாளர் பேசுவதைக் கேட்டாள். ஐந்தாவது மேடையில் எஞ்சின் இரைச்சல் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறது. கழிப்பறைப் பக்கம் பதினாறும் பதினேழும் ஒன்றாகக் கேட்கின்றன. எண்ணுக்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி விட்டால் ஜனங்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை இன்னும் நிதானமாக. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒருமுறை கடைசிப் பேருந்தை அவள் கொஞ்சம் பதற்றமாகச் சொல்லிவிட்டாள். ஓடிவந்த ஒரு அம்மாள் படியில் விழுந்து முன்பல் உடைந்தது. அன்றிலிருந்து முதல் பேருந்துக்கும் கடைசிப் பேருந்துக்கும் ஒரே குரல்தான். மழை பெய்தாலும், வேலைநிறுத்தம் என்றாலும், கைப்பையைப் பறிகொடுத்தவர் எதிரில் நின்று அழுதாலும் அதே குரல். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

பதினான்காம் எண் பேருந்து எட்டு நிமிடத்துக்கு ஒன்று உண்டு. ஆலைவாசல் வழியாகப் பெரிய மருத்துவமனைக்குப் போகும். மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும். அவள் ஒரு நாளில் சொல்லும் வாக்கியங்களில் பாதிக்குமேல் 'மூன்றாவது நடைமேடை' என்றுதான் முடியும். ஏ.சி. மெக்கானிக்கான அவள் கணவன் இதை வைத்தே கிண்டல் செய்வான். "தூக்கத்துல புரண்டு படுத்தாக்கூட மூணாவது மேடைக்குத்தான் போறா."

அவர்களுடைய ஒரே பெண்ணைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஐந்து வயது. ஒரு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் தடம். "ஓடி ஆடுற பிள்ளை, எங்கயாவது இடிச்சிருப்பா" என்றார் பள்ளிக்கூட ஆசிரியை. அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர் அவர்களை உட்காரச் சொன்னார். அதுவரை எந்த மருத்துவரும் அவர்களை உட்காரச் சொன்னதில்லை.

"ரத்தப் புற்றுநோய். இந்த வகையில நிறைய குழந்தைங்க குணமாகிப் போறாங்க. ஆனா ரெண்டரை வருஷம் எங்ககூட நடக்கணும். நடப்பீங்களா?"

"நடப்போம்" என்றான் கணவன்.

மருந்துக்கு ஓர் அறக்கட்டளை கைகொடுத்தது. அதற்காக அவர்கள் ஏறி இறங்காத படி இல்லை. ஆனால் எந்தப் படி ஏறினாலும் கிடைக்காத ஒன்று மூன்றாவது வாரத்தில் தேவைப்பட்டது. மருந்து புற்றுநோய் அணுக்களை அழிக்கும்போது, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் சேர்த்து அழித்துவிடும். அவற்றை இன்னொரு மனிதரின் உடம்பிலிருந்துதான் எடுத்துத் தர முடியும். எடுத்ததை ஐந்து நாளுக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. சிட்டுவின் இரத்தம் ஓ நெகட்டிவ். கணவனுக்கு அதே வகைதான், ஆனால் முன்பு வந்த மஞ்சள் காமாலையால் அவனை வேண்டாமென்றார்கள். அவளுக்கு வேறு வகை. அவளுடைய அண்ணன் ஒருவன்தான் பொருந்தினான். வெளியூரிலிருந்து இரண்டு முறை வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

விடுப்பெல்லாம் தீர்ந்துபோனதால் அவள் காலை வேலைக்கு வருவாள், மதியம் இரண்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போவாள். அதுவரை கணவன் பார்த்துக்கொள்வான். அந்தப் புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"மூக்குல ரத்தம் நிக்கல. தட்டணு ஒன்பதாயிரம்தான் இருக்காம். சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்னு சொல்றாங்க. ஐம்பதாயிரத்தைத் தாண்டினாத்தான் நாளைக்கு முதுகுல மருந்து போட முடியுமாம். உங்க அண்ணன்?"

"அவனுக்கு நேத்திலேருந்து காய்ச்சல்."

"ரத்த வங்கியில இருப்பு இல்லைன்னுட்டாங்க. நான் வாசல்ல போறவன் வர்றவனையெல்லாம் கேட்டுட்டு இருக்கேன்." பிறகு, "நீ உங்க ஆளுங்ககிட்ட கேளு" என்றான்.

அவள் டைம் கீப்பரிடம் போனாள். மைக்கில் சொந்த விஷயம் பேசக்கூடாது என்று நிலையத்தில் கண்டிப்பான உத்தரவு உண்டு. அதற்குக் காரணமே அவர்தான். தன் மகள் கல்யாணத்துக்கு மைக்கிலேயே எல்லோரையும் அழைத்துவிட்டார். முன்பின் தெரியாத நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தொலைஞ்சுபோனது, களவுபோனது மட்டும்தாம்மா சொல்லலாம்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "இது ரெண்டுலயும் வராதே."

"இன்னும் தொலையல சார். அதனாலதான் இப்பவே சொல்லணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நீ என்ன சொன்னேன்னு எனக்கு விழல. போய் உன் வேலையைப் பாரு."

அவள் பழைய கால அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதினாள். இரண்டு வரி அடித்தாள். 'தயவுசெய்து' என்பதை வெட்டினாள், பிறகு சேர்த்தாள். 'என் மகள்' என்று எழுதியிருந்ததை 'ஒரு குழந்தை' என்று மாற்றினாள். அழுதால் சொல் புரியாது, எண்ணும் வகையும் காதில் விழாது, யாராவது ஓடிவந்து விழுவார்கள். மைக்கைப் போட்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பெரிய மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு, ஓ நெகட்டிவ் வகை இரத்தத் தட்டணுக்கள் உடனே தேவைப்படுகின்றன…"

இரண்டு முறை சொன்னாள். இரண்டாம் முறை நிதானமாக. கால் மணி கழித்து மறுபடியும், அதற்குக் கால் மணி கழித்து மறுபடியும். இடையில் பதினான்கையும் முப்பத்திரண்டையும் வழக்கம்போல அனுப்பிவைத்தாள்.

மைக் இருந்த விசாரணை அறையின் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வந்தார், கழிப்பறை எங்கே என்று கேட்டார். ஒரு பெண் வந்து, இங்கே போன் சார்ஜ் போடலாமா என்றாள். கடிகாரம் பத்தே முக்காலைத் தாண்டியது. கண்ணாடிக்கு வெளியே ஜனம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ஒரு தலைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பதினோரு வருடமாக இந்தக் குரலில் இவர்கள் கேட்டது பேருந்தை மட்டும்தான் என்று அவளுக்குப் பட்டது. எண் வந்தால் காதைக் கொடுப்பார்கள். மற்றது எல்லாம் காற்று.

அப்போது பதினான்காம் எண் ஓட்டுநர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வரும்போதே சத்தம்.

"அக்கா, மூணுல என்ன கூத்து நடக்குது? ஒன்பது பேர் மரம் மாதிரி நிக்கிறாங்க. ஏறுங்கன்னா ஏற மாட்டேங்கிறாங்க, நகருங்கன்னா நகர மாட்டேங்கிறாங்க. ரெண்டு வண்டி போயாச்சு. கேட்டா, 'கூப்பிட்டாங்க, வந்தோம், ஆளைக் காணோம்'னு என்னை முறைக்கிறாங்க!"

"யார் கூப்பிட்டாங்க?"

"நீங்கதான்! ரத்தம் கொடுக்கிறவங்க மூணாவது நடைமேடைக்கு வரவும்னு ஊருக்கே கேட்டுச்சே."

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். 'விசாரணை அறைக்கு வரவும்' என்று தன் கையால், தெளிவாக, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது.

"விசாரணைன்னுதானே சொன்னேன்?"

"மூணுன்னீங்க. சொன்ன அத்தனை தடவையும் மூணுதான்."

கண் தாளைப் படித்திருக்கிறது. வாய் அதன் பாட்டுக்குப் பழகிய இடத்துக்குப் போய் நின்றிருக்கிறது.

வேலை நேரத்தில் அவள் மைக்கை இன்னொருவரிடம் விட்டுவிட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை. டைம் கீப்பர் பேசாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் படி இறங்குவதற்குள், "ஹலோ… ஹலோ… கேக்குதா?" என்று ஒலிபெருக்கி கேட்டது. "கேக்குது, மேல சொல்லுங்க!" என்று யாரோ பதில் கத்தினார்கள்.

மூன்றாவது மேடையில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். கை முழுக்கத் தீக்காயப் புள்ளிகளோடு ஒரு வெல்டர். கல்லூரிப் பெண்கள் நான்கு பேர். அறுபத்து நான்கு வயதாகியும் ஐம்பத்தெட்டு என்று சாதித்த ஒரு பெரியவர். "என்ன வகைன்னு தெரியாதுங்க, ரத்தம் ஓடுது, அது தெரியும்" என்ற ஒருவர். ஓ நெகட்டிவ் இரண்டே பேர்தான்: மருந்துக்கடைக் காசாளர் ஒரு பெண், பை நிறைய மாதிரிக் குழாய்களோடு ஒரு குழாய் விற்பனையாளர்.

"மன்னிச்சுடுங்க, நேரமாயிடுச்சு. நான்தான் இடத்தை மாத்திச் சொல்லிட்டேன்" என்றாள்.

காசாளர் அவளை உற்றுப் பார்த்தார். "மைக்ல பேசறது நீங்களா? குழந்தை யாருங்க?"

"என் பொண்ணு."

பெரியவர் தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படியா சொல்லுவாங்க?" என்றார் வெல்டர் மெதுவாக. "பஸ் வருதுங்கற மாதிரி சொன்னீங்களே."

ஓட்டுநர் ஹாரனை ஒருமுறை அழுத்தினார். "பெரிய ஆஸ்பத்திரி தானே? பேச்சை உள்ள வச்சுக்கலாம், ஏறுங்க எல்லாரும்."

இரத்த வங்கியில் இரண்டு பேரையும் சோதித்தார்கள். காசாளர் ஒற்றைத் தலைவலிக்கு முதல்நாள் ஆஸ்பிரின் போட்டிருந்தார். அது தட்டணுக்களை வேலை செய்யவிடாது. மூன்று நாளாவது போடாமல் இருந்தால்தான் எடுக்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். மிஞ்சியது குழாய்க்காரர். அவருக்கு ஊசி என்றால் ஆகாது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்.

"காலையிலேருந்து நாலு கடை ஏறினேன். ஒரு குழாய்கூட எடுக்கல. இங்கயாவது எடுக்கறாங்களே."

ஒன்றரை மணி நேரம் இயந்திரம் அவருடைய இரத்தத்தை வாங்கி, தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தது. மூன்று மணிக்கு மஞ்சளாக ஒரு பை வார்டுக்குள் போனது. உள்ளே வரக் குழாய்க்காரருக்கு அனுமதி இல்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மூக்கில் பஞ்சோடு, முடி கொட்டிய தலையோடு சிட்டு பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது யாரோடது?"

"அந்த மாமாவோடது."

சிட்டு திரும்பிப் பார்த்தாள். "அவருக்கு வேணாமா?"

அவள் சிட்டுவின் மூக்குப் பஞ்சைச் சரிசெய்தாள். கணவன்தான் சொன்னான். "அவருக்கு மறுபடி ஊறிடும் கண்ணு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

மாலையில் இரத்தம் நின்றது. மறுநாள் காலை எண்ணிக்கை ஐம்பத்திரண்டாயிரம். பத்து மணிக்குச் சிட்டுவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து அம்மாவையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டாள். குழந்தையின் முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. மருந்து முதுகுக்குள் இறங்கியது.

"அடுத்தது எட்டாம் நாள்" என்றார் மருத்துவர். "அதுக்கு முன்னால இன்னொரு பை தேவைப்படலாம். ஆள் பாத்து வைங்க."

குழாய்க்காரர் அடுத்த வாரம் வெளியூர்ச் சுற்றில் இருப்பார். அவள் தாழ்வாரத்துக்கு வந்து, முதல்நாள் எண் வாங்கிவைத்திருந்த காசாளருக்குப் போன் செய்தாள். எப்படிக் கேட்பது என்று எழுதிவைத்துக்கொள்ளவில்லை. குரல் உடைந்தது, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. என்றைக்கு வர வேண்டும் என்பதையே சொல்ல மறந்துவிட்டாள். கடைசியில், "உங்களால மூணு நாள் மாத்திரை போடாம இருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நேத்திலேருந்தே போடலைங்க" என்றார் காசாளர். "தலை வலிக்குதுதான். பரவாயில்ல. என்னைக்கு வரணும்னு சொல்லுங்க."