சனிக்கிழமை தார்ப்பாய் இறக்கும் வீடு

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. செஞ்சியைத் தாண்டி, பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது, அது போதும். பெயரைச் சொன்னால் அடுத்த சனிக்கிழமையே பத்துப் பேர் கேமராவோடு கிளம்பிவிடுவீர்கள். நானும் அப்படிக் கிளம்பியவள்தான், அதனால் சொல்கிறேன்.

நவம்பர் கடைசி சனிக்கிழமை, காலை 5.20. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒன்பது சைக்கிள்கள் நின்றன. பின்னால் தண்ணீர், வாழைப்பழம், பஞ்சர் சாமான்களோடு ஒரு வேன். ‘பாரம்பரிய கிராமச் சைக்கிள் உலா’ என்று பெயர். இரண்டு நாளுக்கு ஆளுக்கு 3,800 ரூபாய், கியர் சைக்கிள் வாடகையும் அதிலேயே அடக்கம். நடத்துகிறவர் நவீன் என்கிற முப்பது வயதுத் தம்பி.

எனக்கு இது இரண்டாம் முறை. போன ஜனவரியில் போய்வந்து, அங்கே மதியச் சாப்பாடு போட்ட மண்வீட்டைப் பற்றிப் பேசிப் பேசியே வீட்டில் எல்லோர் உயிரையும் எடுத்தேன். வருகிறவர்கள் கருத்து எழுதும் நோட்டில் ஒரு முழுப்பக்கம் எழுதிவிட்டும் வந்தேன். இந்த முறை புதுச்சேரி உப்பளம் பகுதியில் இருக்கும் குடும்ப நண்பர் அந்துவான் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று, தொப்பையும் உண்டு.

கோரிமேட்டோடு புதுச்சேரி முடிந்தது. 6.50க்குக் கிளியனூர், இருபது கிலோமீட்டர். டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடைக்காரர் எங்களையும் வேனையும் மாறிமாறிப் பார்த்தார்.

“எங்க, கோயிலுக்கா?”

“இல்லங்க, சும்மா ஊர் பாக்க.”

“வேன் காலியாத்தான வருது? அதுல போனா இன்னா?”

“எனக்கும் அதான் புரியல,” என்றார் அந்துவான் அண்ணன். திண்டிவனம் வரை அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

8.30க்குத் திண்டிவனத்தில் இட்லி, வடை. அங்கிருந்து செஞ்சிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். போகப் போக நிலம் மேடு தட்டுகிறது. யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனதுபோல் இரு பக்கமும் உருண்டைப் பாறைகள். மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்ததால் ஏரிகளில் தண்ணீர் நின்றது, நடவு நடந்துகொண்டிருந்தது. அழகுதான், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை 11.15க்குத் தொடங்கியது. செஞ்சியைக் கடந்து கிளைச் சாலையில் திரும்பினால் ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர். அதில் கடைசி இரண்டும் ஏற்றம். நவீன் சைக்கிளை நிறுத்தி, “மேடம், கடைசில ஏத்தம் வருது. லேடீஸ் வேன்ல ஏறிக்கலாம்,” என்றார். பின்னால் அந்துவான் அண்ணன் நாக்கு வெளியே தொங்க வந்துகொண்டிருந்தார். அவரை யாரும் வேனில் ஏறச் சொல்லவில்லை. எனக்கு வயது ஐம்பத்தொன்று. முதலியார்பேட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இருபத்தாறு வருடமாகத் தினமும் சைக்கிளில் போகிற கணக்கு டீச்சர். ஆத்திரம் தலைக்கு ஏறியது.

“தம்பி, வேன்ல உன் பையை ஏத்து,” என்று சொல்லிவிட்டு மிதித்தேன். மற்றவர்கள் பாறை மேல் ஏறிப் படம் எடுக்கவும் இளநீர் குடிக்கவும் நின்றுவிட்டார்கள். வழி தெரியும் என்பதால் நான் நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, ஆனால் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. அரை மணி நேரம் முன்னாலேயே ஊருக்குள் போய்ச் சேர்ந்ததற்கு இந்தக் கோபம்தான் காரணம்.

போன முறை நாங்கள் சாப்பிட்ட அதே வீடு. மண் சுவர், பனையோலையும் கரும்புத் தோகையும் வேய்ந்த கூரை. ஆனால் அன்று கூரையின் பாதியை நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. வீட்டுக்காரி செல்வி ஏணியில் நின்று அதன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் திகைத்துப்போனாள்.

“டீச்சரக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்களா? பன்னெண்டரைக்குன்னு சொன்னாங்க. இத மட்டும் எறக்கிட்டு வந்துர்றேன்.”

“அத ஏன் எறக்குற?”

“சைக்கிள் வர்றப்ப இது தெரியக்கூடாதுன்னு நவீன் சாரு சொல்லியிருக்காரு. போட்டோல நீலமா வுழுதாம். சனிக்கிழமை எறக்குவேன், நீங்கள்லாம் போனதும் ஏத்துவேன்.”

“மழை பேஞ்சா?”

“போன வாரம் நீங்க இல்லியே. இலையப் போட்டு ஒக்காந்தாங்க, புடிச்சுது மழை. எல்லாரும் வேனுக்கு ஓடிட்டாங்க. நாங்க எங்க ஓடறது? பின்பக்கச் சுவரு அன்னிக்குத்தான் வுழுந்துச்சு.”

கூட்டிப்போய்க் காட்டினாள். சுவரில் ஆள் நுழையும் அளவுக்குப் பொத்தல், சாக்கை விரித்து மறைத்திருந்தார்கள். உள்ளே துணிமணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் ஒரே கட்டிலின் மேல் குவிந்திருந்தன. வருகிறவர்கள் முன் அறையோடு நின்றுவிடுவதால் போன முறை நான் இந்தப் பக்கமே வரவில்லை.

காங்கிரீட் வீடு கட்டிக்கொள்ள அரசாங்க ஆணை அவர்களுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறதாம். வேறு மனை கிடையாது. கூரையைப் பிரித்து அதே இடத்தில்தான் கட்ட வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் வேலை தொடங்காவிட்டால் ஆணை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் அண்ணன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துகொள்ளலாம், கொத்தனாருக்கும் சொல்லியாயிற்று. ஆனால் அவள் வீட்டுக்காரர் ஏழுமலை அசையவில்லை. இந்த சீசன் முடியட்டும் என்று நவீன் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

“அவரு கேட்டதுகூடப் பெருசு இல்லக்கா. நீங்க எழுதிக் குடுத்ததுதான் இவருக்கு வேதம். டீச்சரே சொல்லியிருக்காங்கன்னு ஒரே புடியா நிக்கிறாரு.”

முன் அறைச் சுவரில் அது மாட்டியிருந்தது. நோட்டில் நான் எழுதிய பக்கத்தைப் பெரிதாக்கி லேமினேட் செய்து தொங்கவிட்டிருந்தார்கள். ‘தயவுசெய்து இந்தக் கூரையை மாற்றிவிடாதீர்கள். இதன் கீழ் வரும் தூக்கம் எங்கள் காங்கிரீட் வீடுகளில் வராது.’ கீழே என் பெயர், கணக்கு ஆசிரியை, முதலியார்பேட்டை. நான் அங்கே இரவு தூங்கியதே இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கண் அசந்தேன், அவ்வளவுதான். என் மேல் எனக்கு வந்த கோபத்தில் நவீன் மேல் இருந்தது ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

12.35க்கு மற்றவர்கள் வந்தார்கள். தார்ப்பாய் அதற்குள் மாட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தது. கேழ்வரகுக் களி, கீரை, கருவாட்டுக் குழம்பு. எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்து, “ஏசியே வேணாம் போல,” என்றார்கள். ஜனவரியில் நான் சொன்னதும் இதுவேதான். களியைப் பாதியிலேயே விட்டு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு நவீனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது வெறும் வீடு இல்ல, நம்ம அடையாளம். காங்கிரீட் போட்டா யாரு வருவா? அவங்களுக்கு வாரம் ரெண்டாயிரம் வருது, அது நின்னுடும்.”

“நீ எங்க குடியிருக்க?”

“உழவர்கரைல.”

“கூரை வீடா?”

“ஃப்ளாட், மேடம்.”

“ஒழுகுதா?”

அவர் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் மட்டும் என்ன யோக்கியம்? அப்பா கட்டிய ஓட்டு வீட்டை இடித்து மாடி எடுத்தவள் நான். ஓடு ஒழுகுகிறது என்று வீட்டில் அத்தனை பேரையும் படுத்தி எடுத்துத்தான் இடித்தேன்.

நோட்டைக் கேட்டு வாங்கிப் புதுப்பக்கத்தில் எழுதினேன்: ‘போன ஜனவரியில் நான் எழுதியது தவறு. இந்த வீட்டைப் பிரித்து உடனே காங்கிரீட் வீடு கட்டுங்கள்.’ கையெழுத்துப் போட்டு ஏழுமலையிடம் நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். சுவரில் தொங்கியதையும் ஒருமுறை பார்த்தார்.

“அதுவும் நீங்கதான் எழுதுனீங்க, இதுவும் நீங்கதான் எழுதுறீங்க டீச்சர். நாளைக்கு ஊருக்குப் போயிடுவீங்க. வாரத்துக்கு ரெண்டாயிரம் யாரு குடுப்பா? நான் எத நம்பறது?”

இருபத்தாறு வருடம் பிள்ளைகளை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டவள், நோட்டை அவரிடமிருந்து வாங்கி மூடி வைத்தேன்.

செல்விதான் எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைச் சாத்தி மேலே ஏறினாள். தார்ப்பாயைப் போடத்தான் ஏறுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகட்டில் கை வைத்து, கட்டியிருந்த கயிற்றை அறுத்து, முதல் பிடி ஓலையை உருவிக் கீழே போட்டாள். பிறகு இன்னொன்று. மண்ணும் தூசியும் சாப்பிட்ட இலைகளின் மேல் விழுந்தன. கீழே இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்து கைபேசியைத் தூக்கினார்கள். கூரை மாற்றிக் காட்டுவதும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் கைதட்டினாள். அந்துவான் அண்ணனும் கைதட்டி “பிராவோ, பிராவோ” என்றார். நான் அவர் காதில் விஷயத்தைச் சொன்னதும் கையைக் கீழே போட்டார்.

“ஏய், எறங்குடி,” என்றார் ஏழுமலை.

“நீ ஏறு,” என்றாள் செல்வி. “செவ்வாக்கெழம வரைக்குந்தான் இருக்குது.”

அவர் எங்கள் ஒன்பது பேரையும், எங்கள் கைபேசிகளையும் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு ஏறினார். அந்துவான் அண்ணன் யாரும் சொல்லாமலே விழுந்த ஓலையை ஓரமாக இழுத்துப் போட ஆரம்பித்தார். நவீன் மற்றவர்களை அவசர அவசரமாகக் குளக்கரைக்குக் கூட்டிப்போனார்.

அன்று செஞ்சி விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் 1.40க்கு முதலியார்பேட்டை திரும்பினேன். எதிர்காற்று, கால் இரண்டும் செத்துப்போயிருந்தன. கூடத்தில் ஃபேனைப் போட்டுப் படுத்தவள் மாலைவரை எழுந்திருக்கவில்லை. காங்கிரீட் வீட்டில் தூக்கம் வராது என்று எழுதிய அதே ஆள்தான்.

செல்வி அவ்வப்போது படம் அனுப்புகிறாள். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது, ரோஸ் கலர் அடிக்கப் போகிறாளாம். சனிக்கிழமை வருமானம் நின்றுபோனதால் ஏழுமலை கல்குவாரி வேலைக்குப் போகிறார். அதையும் மறைக்காமல் சொன்னாள்.

பொங்கலுக்கு முன் நவீனின் புது விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. வேறு ஊர், வேறு மண்வீடு, அதன் வாசலில் வேறொரு குடும்பம். படத்துக்குக் கீழே என் வரி: ‘தயவுசெய்து இந்தக் கூரையை மாற்றிவிடாதீர்கள்.’ என் பெயர், என் வேலை, என் ஊர், எல்லாம் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் “கண்டிப்பா மேடம்” என்றார். இன்னும் இருக்கிறது. உங்கள் கைபேசிக்கும் அது வந்திருக்கலாம். அந்த வரியை நம்பாதீர்கள். மழை இல்லாத மாதத்தில், சாப்பிட்ட மயக்கத்தில் நான் எழுதியது அது.